இருபத்தொன்று புள்ளி நான்கு

"வாழ்க்கையில ஒரே தடவை வந்த கேள்வி, குருவே. அதையும் நழுவ விட்டுட்டேன். இனி என்ன செய்ய?"

ஆக்னெஸ் சைக்கிளைச் சுவரில் சாய்க்கவும் மறந்து, கையில் பிடித்தபடியே கேட்டாள்.

குரு தோட்டத்து மேசையில் அமர்ந்து, ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

குருவின் பெயர் செந்தாமரை. வயது முப்பத்தாறு. காரைக்காலில் பிறந்தவள். பிரான்சு நாட்டின் புர்கோஞ் பகுதியில், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஐந்து கிராமங்களுக்குச் சைக்கிளில் கடிதம் கொண்டு போய்க் கொடுப்பவள்.

சிஷ்யையும் அதே ஊர்ப் பக்கத்தவள்தான்; வயது நாற்பத்தெட்டு. நகரத்துப் புள்ளியியல் அலுவலகத்தில் வேலை. பதினோரு ஆண்டுகளாக ஞாயிறுதோறும் சைக்கிளோடு ரயிலேறி இங்கே வருகிறவள்.

மூத்தவள் இளையவளைக் குருவே என்பாள். இளையவள் மூத்தவளை அக்கா என்பாள். சைக்கிள் சங்கத்தார் இதைக் கேட்டுச் சிரிப்பதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள்.

"கேட்டது யாரு?" என்றாள் செந்தாமரை.

"அருமைநாதன்."

"சக்கரத்துக்குக் கோட்டம் எடுக்கிறவரா?"

"அவரேதான். மூணு மாசமா, கோட்டமே இல்லாத என் சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்துக்கிட்டிருக்கார்."

"எங்க வெச்சுக் கேட்டார்?"

"போன ஞாயித்துக்கிழமை. கோணல் கோபுர மாதா கோயிலைத் தாண்டின ஏத்தத்துல. பக்கத்துல வந்து என்னமோ கேட்டார். 'மிச்ச'ன்னு ஒண்ணு காதுல விழுந்துது. 'வர்றீங்களா'ன்னு ஒண்ணு விழுந்துது. நடுவுல எல்லாம் காத்து."

"நீங்க என்ன சொன்னீங்க?"

ஆக்னெஸ் அப்போதுதான் சைக்கிளைச் சுவரில் சாய்த்தாள்.

"சொல்லுங்க அக்கா."

"இருபத்தொண்ணு புள்ளி நாலு."

செந்தாமரையின் கையிலிருந்த கத்தி தட்டில் விழுந்தது.

"மீட்டரைப் பார்த்துக்கிட்டிருந்தேன், குருவே. சராசரி வேகம். வாயில அதுதான் வந்துது."

"ஏத்தத்துலயா? நல்ல வேகம்தான்."

"சிரிக்காதீங்க."

செந்தாமரை சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தாள்.

சொற்கள் அன்றைக்கு ஆக்னெஸின் காதில் விழுந்தது ஏற்றத்தில். அவற்றின் பொருள் வந்து சேர்ந்ததோ இறக்கத்தின் அடியில். சைக்கிளை நிறுத்தித் திரும்பிப் பார்த்தாள். மேலே சாலை வெறுமையாக இருந்தது. அருமைநாதன் வேறு வழியில் திரும்பிப் போயிருந்தார்.

"வாரம் முழுக்க போன் பண்ணலையா?"

"பண்ணி? 'நீங்க கேட்டது என்னன்னு சரியா விளங்கலை'ன்னு சொல்லவா? இந்த வயசுலயா? இன்னிக்கு மத்தியானத்தோட துலூஸுக்குக் கிளம்புறாராம். தம்பி கடைக்கு. திரும்பி வர்ற உத்தேசம் இல்லையாம். சங்கத்துல சொன்னாங்க."

"சரி."

"என்ன சரி? ஒரு தடவை கேட்டு, ஒரு எண்ணைப் பதிலா வாங்கிக்கிட்ட மனுஷன் மறுபடி கேப்பாரா?"

செந்தாமரை எழுந்தாள். ஆக்னெஸின் சைக்கிள் கைப்பிடியிலிருந்து மீட்டரைக் கழற்றினாள். மணிக்கட்டிலிருந்து கடிகாரத்தை வாங்கினாள். கைபேசியை வாங்கினாள். சைக்கிள் சட்டத்தில் மாட்டியிருந்த கைப்பம்பையும் எடுத்தாள். எல்லாவற்றையும் தன் அஞ்சல் பைக்குள் போட்டு மூடினாள்.

"பம்ப் எதுக்கு?"

"பாரம் குறையட்டும்."

பிறகு சொன்னாள்: "இன்னிக்கு மூணு கோயில். ஒன்பது மணிக்கு ஒண்ணு, பத்துக்கு ஒண்ணு, பதினொண்ணுக்கு ஒண்ணு. கோபுர மணி எத்தனை அடிக்குதுன்னு எண்ணிச் சொல்லணும். மூணுல ஒண்ணைச் சரியாச் சொன்னாப் போதும். உங்க கேள்விக்குப் பதில் கிடைக்கும்."

"இதென்ன பாலர் வகுப்பா?"

"உங்களுக்குத் தெரிஞ்சதைச் சொல்லக் கூடாது. மணி சொன்னதைச் சொல்லணும்."

"மூணாவது கோயில் எது?"

"அருமைநாதன் கடைக்கு எதிர்ல இருக்கிறது."

"அங்க நான் வர மாட்டேன்."

"அப்ப ரெண்டாவதுலயே எண்ணிடுங்க."

இருவரும் புறப்பட்டார்கள்.

மே மாதக் காலை. சாலையில் ஒரு வாகனமும் இல்லை. இருபுறமும் திராட்சைக் கொடிகள் சிறுபிள்ளையின் விரல் அளவுக்குத் தளிர்விட்டிருந்தன. வெள்ளை மாடுகள் வேலியோரம் வந்து நின்று, இரண்டு பெண்களையும் இரண்டு சைக்கிள்களையும் ஒரே அலட்சியத்தோடு பார்த்தன.

முதல் தேவாலயம் தாழ்ந்து அகன்றது. எண்ணூறு ஆண்டுக் கல். வாசல் தூணின் தலையில் ஒரு சிற்பம், வருகிறவர்களைப் பார்த்து நாக்கைத் துருத்திக்கொண்டிருந்தது.

"இவன் இங்கேயா இருந்தான்?" என்றாள் ஆக்னெஸ். "பதினோரு வருஷமா இந்த வழியா போறேன். என்னைப் பார்த்தா நாக்கை நீட்டிக்கிட்டிருக்கான்! இதை யார் செதுக்கியிருப்பாங்க? மேஸ்திரிக்குத் தெரியாம செஞ்சிருப்பானோ? இல்ல, இது மேஸ்திரியோட..."

மணி அடித்து ஓய்ந்தது.

"எத்தனை?" என்றாள் செந்தாமரை.

ஆக்னெஸ் வாயை மூடினாள்.

"ஆறிலிருந்துதான் எண்ணினேன். இல்ல, ஏழிலிருந்து... ஒன்பது மணிதானே இப்போ?"

"அது உங்களுக்குத் தெரிஞ்சது."

ஆக்னெஸ் முகம் சிவக்க மிதிகட்டையை அழுத்தினாள். ஊர் எல்லையைத் தாண்டும்போது, காற்றில் எங்கோ ஒரு மணி கேட்டது.

"பாருங்க, இது அடுத்த ஊர் மணி. ரெண்டு நிமிஷம் லேட்," என்றாள். பிழை கண்ட இடத்தில் அவளுக்கு உற்சாகம் திரும்பிவிடும். "இந்தப் பக்கம் எல்லா ஊர்லயும் இதே கதைதான். ஒரு ஊரைத் தாண்டினா அடுத்த ஊர் கடிகாரம் சரியா ரெண்டு நிமிஷம் பின்னால நிக்கும். நாலு வருஷமாக் குறிச்சு வெச்சிருக்கேன். நகராட்சிக்கு அட்டவணை போட்டுக் கடிதமே எழுதினேன்."

"தெரியும். கொண்டு போய்க் கொடுத்தது நான்தானே."

"படிச்சாங்களா?"

"மேயர் படிச்சார். செயலரைக் கூப்பிட்டு உரக்கப் படிச்சுக் காட்டினார்."

"என்ன சொன்னாங்க?"

"கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவர்ல மாட்டி வெச்சிருக்காங்க."

ஆக்னெஸ் அதைப் பெருமையாகவே எடுத்துக்கொண்டாள்.

இரண்டாவது தேவாலயம் ஒரு மேட்டின் மேல் இருந்தது. கூரை ஓடுகள் பச்சையும் மஞ்சளுமாக மீன் செதிலைப் போல மின்னின. கதவு பூட்டியிருந்தது, "சாவி எதிர்வீட்டில்" என்று ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. ஆக்னெஸ் இம்முறை சீட்டையும் படிக்கவில்லை, ஓடுகளையும் பார்க்கவில்லை. சைக்கிளை இரு கால்களுக்கு நடுவே நிறுத்தி, கண்ணை மூடி, ஒரு விரலை நீட்டிக் காத்திருந்தாள். எண்ணுவதையே தொழிலாகக் கொண்டவளுக்குப் பத்து வரை எண்ணுவது ஒரு பொருட்டா?

ஒன்று. இரண்டு. மூன்று.

எதிர்வீட்டுக் கொல்லையிலிருந்து ஒரு டிராக்டர் புறப்பட்டது. தேவாலயத்தையும் சேர்த்து உழுதுவிடப் போவதைப் போல் முழங்கிக்கொண்டு மேட்டைக் கடந்தது. ஓட்டியவர் தொப்பியை உயர்த்தி வணக்கம் சொன்னார்.

"எத்தனை, அக்கா?"

"மூணு மணியும் ஒரு டிராக்டரும்."

"பரவாயில்லை. இன்னும் ஒண்ணு இருக்கு."

ஆக்னெஸ் மிதிகட்டையில் கால் வைத்தாள்.

"கொஞ்சம் நிதானமா மூச்சு விட்டுக்கிட்டுப் போகலாமா?" என்றாள் செந்தாமரை பின்னாலிருந்து.

ஆனால் ஆக்னெஸ் அதற்குள் இறக்கத்தில் பாய்ந்திருந்தாள். நின்ற இடத்தில் நிற்பது அவளுக்கு வராது. அவளுக்கு முதுகுப்புறம் மணி ஒலித்தது. "லேட்!" என்று திரும்பாமலே கத்தினாள்.

இறக்கம் முடிந்ததும் வேகம் தானாகக் குறைந்தது. மூன்றாவது ஊரின் கோபுரம் மரங்களுக்கு மேல் தெரியத் தொடங்கியதும் இன்னும் குறைந்தது. ஊர்ச் சதுக்கத்தின் முனையில் நின்றேவிட்டது.

"குருவே, நான் இங்கேயே நிக்கிறேன். நீங்க போய் எண்ணிட்டு வந்து சொல்லுங்க."

"உங்க பசிக்கு நான் சாப்பிடவா?"

"அவர் வேன் நிக்குதான்னாவது பார்த்துட்டு வாங்க."

"நிக்குது. இங்கிருந்தே தெரியுது. பின் கதவு மூடியிருக்கு."

ஆக்னெஸ் மெல்ல மிதித்தாள்.

சதுக்கத்தின் ஒரு புறம் தேவாலயம். மறு புறம் அருமைநாதனின் கடை. கடையின் பெயர்ப்பலகை இறக்கப்பட்டு, சுவரில் அதன் வெளிறிய தடம் மட்டும் இருந்தது. வாசலில் வெள்ளை வேன். ஆக்னெஸ் வேனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கோபுரத்தின் கீழே இறங்கி நின்றாள்.

செந்தாமரை அவள் அருகில் குனிந்தாள். ஆக்னெஸின் பின்சக்கர வால்வைத் தளர்த்தி, விரலால் அழுத்தினாள்.

உஸ்ஸ்ஸ்.

"என்ன பண்றீங்க!"

மேலே மணி அடிக்கத் தொடங்கியது.

"காத்தைப் பிடுங்குறீங்களே! உங்களுக்குப் பைத்தியமா? விடுங்க! பம்ப்பை வேற நீங்களே வெச்சிருக்கீங்க! இனி நான் எப்படி ரயிலுக்குப் போவேன்?"

சக்கரம் தரையோடு படிந்தது. மணி ஓய்ந்தது.

"எத்தனை அக்கா?"

ஆக்னெஸின் கண் நிறைந்தது. "உங்களுக்கே தெரியும் நான் எண்ணலைன்னு. மூணும் போச்சு. இதுக்கா என்னை இவ்வளவு தூரம் கூட்டிக்கிட்டு வந்தீங்க?"

செந்தாமரை எழுந்து கையைத் தட்டிக்கொண்டாள்.

காற்றில்லாத சைக்கிளை வைத்துக்கொண்டு எங்கும் விரைந்து போக முடியாது. ஆகவே ஆக்னெஸ் நின்றாள். தேவாலய வாசலில் ஒரு மூதாட்டி, பீடத்துப் பூச்சாடிகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். அவர் இடுப்பில் ஓர் உள்ளங்கை நீளச் சாவி தொங்கியது. ஒரு புறா கோபுரத்துக்கும் கூரைக்குமாகப் போய் வந்தது. கடைக்குள் யாரோ ஆணி பிடுங்கும் ஓசை கேட்டது.

அப்போது அவள் தலைக்கு நேர் மேலே, அதே மணி, மறுபடியும் அடித்தது.

ஒன்று. இரண்டு. மூன்று.

ஆக்னெஸ் அண்ணாந்து பார்த்தாள். அவள் உதடுகள் தாமாக அசைந்தன.

ஒன்பது. பத்து. பதினொன்று.

"பதினொண்ணு!" என்றாள். "ஆனா... இப்பத்தானே அடிச்சுது? இது அடுத்த ஊர் மணி இல்லையே. இதே மணிதானே?"

செந்தாமரை, பூச்சாடி கழுவியவரைக் கண்ணால் காட்டினாள்.

"மன்னிக்கணும், மதாம்," என்று ஆக்னெஸ் பிரெஞ்சில் கேட்டாள். "இந்த மணி ஏன் இரண்டு முறை அடித்தது?"

மூதாட்டி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நகரத்திலிருந்து வருகிறீர்களா?"

"ஆமாம்."

"திராட்சைக் கொடியடியில் குனிந்து நிற்கிறவன், முதல் ஓசை கேட்ட பிறகுதான் தலையை நிமிர்த்துவான். அதற்குள் பாதி அடித்துப் போயிருக்கும். எண்ண முடியுமா? அதனால் இரண்டு நிமிடம் விட்டு, மறுபடி முழுவதும் அடிக்கும். இந்தப் பக்கத்து ஊர்களில் எல்லாம் அப்படித்தான்."

"எல்லா ஊரிலுமா?"

"எல்லா ஊரிலும். இதைக் கடிகாரத்தின் கோளாறு என்று நகராட்சிக்கு ஓர் அம்மாள் அட்டவணை போட்டு அனுப்பியிருக்கிறாராம். நல்ல கையெழுத்து என்றார்கள்."

ஆக்னெஸ் சிறிது நேரம் தரையைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"மூன்றாம் முறையும் அடிக்குமா, மதாம்?"

"மூன்றாம் முறையா?" மூதாட்டி பூச்சாடியை உதறினார். "எதற்கு? அடுத்தது பன்னிரண்டு."

ஆக்னெஸ் திரும்பிப் பார்த்தாள். குரு இல்லை. சாலை வளைவில் அஞ்சல் பை ஒன்று, மீட்டரோடும் கடிகாரத்தோடும் பம்போடும், ஆடி ஆடிப் போய்க்கொண்டிருந்தது.

அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சதுக்கத்தைக் கடந்தாள். தட்டையான சக்கரம் கல்பாவிய தரையில் தப்புத் தப்பென்று ஒலித்தது. அந்த ஓசையைக் கேட்டே அருமைநாதன் வெளியே வந்தார். கையில் ஆணி பிடுங்கும் குறடு.

அவர் சக்கரத்தைத்தான் முதலில் பார்த்தார். ஆளைப் பிறகுதான் பார்த்தார்.

"காத்து போச்சா?"

"போச்சு."

மண்டியிட்டு டயரைச் சுற்றிலும் தடவினார். "பஞ்சர் இல்லையே. வால்வைத் தளர்த்தி யாரோ பிடுங்கி விட்டிருக்காங்க."

"ஆமா."

"மீட்டர் எங்க?"

"இல்லை."

"தொலைச்சுட்டீங்களா?"

"மணி ரெண்டு தடவை அடிச்சுதே, கேட்டீங்களா?"

"தினம் கேக்கிறேன். அது எங்க தூங்க விடுது?"

"போன ஞாயித்துக்கிழமை நீங்க ஒண்ணு கேட்டீங்க."

அருமைநாதன் டயரிலிருந்து கையை எடுக்கவில்லை. "அதுக்குத்தான் பதில் வந்துடுச்சே. புள்ளி வெச்ச பதில்."

"எனக்குப் பாதிதான் காதுல விழுந்துது."

அவர் நிமிர்ந்து கோபுரத்தைப் பார்த்தார். பிறகு எழுந்தார். ஆணி பிடுங்கும் குறட்டை வேனின் மேல் வைத்தார். கைகளைத் துணியில் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த விரல்களை மறுபடி துடைத்தார்.

"மிச்ச வழிக்கு என் கூட வர்றீங்களா, ஆக்னெஸ்?"

"ஆறு வார்த்தை," என்றாள் அவள். "இந்தத் தடவை ஒண்ணையும் விடலை."

"சரி. பதில்?"

அவள் சக்கரத்தைப் பார்த்தாள். "முதல்ல காத்து அடிக்கணும். உங்க பம்ப் எங்க?"

அருமைநாதன் வேனின் பின் கதவைத் திறந்தார். உள்ளே கூரை முட்ட அடுக்கியிருந்தது.

"எல்லாத்துக்கும் அடியில கிடக்கு. எடுக்கணும்னா மொத்தச் சாமானையும் இறக்கணுமே."

"இறக்குங்க," என்றாள் ஆக்னெஸ்.