மூன்றாவது கல்லின் வயது

“மூணாவது கல் பொய் சொல்லுது, மேடம்” என்றார் அருமைநாயகம்.

பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு, ஐம்பது தாண்டி ஆராய்ச்சிக்கு வந்தவர். அவருடைய ஆசிரியை பூங்கோதை வயதில் ரொம்பச் சின்னவள். லடாக்கில் ஒரு பள்ளத்தாக்குக்கு மேலே கூடாரம் போட்டிருந்தார்கள். இந்த மலைகளில் முதல் பனியாறு எந்தக் காலத்தில் இறங்கியது என்பதுதான் அவர்களுடைய கேள்வி.

பனியாறு பின்வாங்கும்போது சுமந்து வந்த பாறைகளை மேடாகக் குவித்துவிட்டுப் போகும். இருப்பதிலேயே பழைய மேட்டில் அருமைநாயகம் மூன்று பாறைகளைச் செதுக்கி, சில்லுகளை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியிருந்தார். இரண்டுக்கு நான்கு லட்சம் ஆண்டு என்று விடை வந்தது. மூன்றாவதுக்கு வெறும் நாற்பதாயிரம்.

“ஒரே மேடு. ஒரே பனி கொண்டுவந்து போட்டது. இதைத் தூக்கிப் போட்டுட்டா எல்லாம் நேராயிடும்.”

பூங்கோதை மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மேட்டில் ஏறினாள். மூச்சு வாங்க அவரும் பின்னால் ஏறினார்.

மூன்றாவது கல் முழங்கால் உயரம்தான். அதன் ஓரமாகத் தோண்ட ஆரம்பித்தாள்.

கல் கீழே போய்க்கொண்டே இருந்தது. போகப் போக அகன்றது.

“அடேயப்பா, யானை மாதிரில்ல இருக்கு!”

“மண்ணுக்குள்ளயே கிடந்திருக்கு, சார். காத்தும் பனியும் மேல்மண்ணை அரிச்சு, தலை வெளியில வரவே இத்தனை காலம். வானத்துக் கதிர் பட்டாத்தான் கல்லுல தடம் விழும். நாம எண்ணுறது அந்தத் தடத்தை.”

“அப்போ, பனி இதை விட்டுட்டுப் போன நாள்?”

“மத்த ரெண்டுக்கும் எதுவோ, அதே நாள்தான்.”

அருமைநாயகம் மண்டியிட்டார். புதிதாக வெளியே வந்த பக்கத்தில் உள்ளங்கையை வைத்தார். சில்லென்றிருந்தது. கையை எடுக்கவில்லை.

“ஜெபக்கனி போய் மூணு வருஷம் ஆகுது” என்றார். “என் வீட்டுக்காரி.”

அவள் தோண்டுவதை நிறுத்தினாள்.

“அடக்கத்தன்னைக்கு எனக்குச் சொட்டுக் கண்ணீர் வரலை. நீங்கல்லாம் மனுஷனான்னு அவ தங்கச்சி எல்லார் முன்னாடியும் கேட்டுட்டா. நானும் அப்படித்தான் நெனைச்சுக்கிட்டேன். போன செவ்வாய்க்கிழமை, ஷூவுக்கு லேஸ் கட்டிக்கிட்டு இருக்கேன், மேடம். சும்மா... கண்ணு ரெண்டும் கொட்டுது.”

மறு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பூங்கோதை மண்வெட்டியைக் கீழே வைத்தாள். கல்லில் சாய்ந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“சொல்லுங்க, சார். அவங்க எப்படி இருப்பாங்க?”