மிதந்து வந்த உருண்டை

"தொடாதீங்க! யாரும் தொடாதீங்க!" என்று குரங்கு கத்தியது.

இருவாட்சி அத்திப்பழத்தைக் கொத்தப் போன அலகை அப்படியே நிறுத்தியது. அலகுக்கும் பழத்துக்கும் நடுவில் பழுப்பாக ஒன்று மிதந்து போனது. கோலிக்குண்டு அளவு. அவசரமே இல்லாமல் சுழன்றுகொண்டு பன்றியின் மூக்கைத் தாண்டியது. பூனையின் மீசையை உரசியது. கடைசியில் காற்றை உள்ளிழுக்கும் காற்றுவாயின் வலையில் போய் ஒட்டிக்கொண்டது.

பூனை கண்ணை மூடிக்கொண்டது. அது யாருடையது என்று பூனைக்குத் தெரியும்.

நிலவில் ஒரு காடு வளருமா என்று பார்த்துவரச் சொல்லி, காட்டு விலங்குகள் கூடிப் பேசி இந்த நால்வரையும் விண்கலத்தில் அனுப்பியிருந்தன. இருவாட்சி முட்டையிட்டால் மரப்பொந்தின் வாயை அடைத்துக்கொண்டு மாதக்கணக்கில் உள்ளேயே இருக்கும். அடைபட்டுக் கிடப்பதில் அதைவிட அனுபவசாலி யார்? அதனால் அதுவே தலைவி. குரங்குக்குப் பொத்தான் அமுக்கக் கை இருந்தது. பூனைக்கு இருட்டில் கண் தெரியும். பன்றிக்கு மண்ணைக் கிளறத் தெரியும்.

புறப்பட்டுப் பதினோரு நாள் ஆகியிருந்தது. கலத்துக்குள் எதற்கும் எடையில்லை. விழ வேண்டியது எதுவும் விழவில்லை.

"யாருடையது?" என்று தலைவி கேட்டது. "என்னுடையது இல்லை. நான் போட்டால் வெள்ளையாக இருக்கும்."

"என்னுதும் இல்லை!" என்றது குரங்கு. "நான் போனா மிஷின் ஊளையிடும். காலையிலே கேட்டீங்களா இல்லையா?"

"கேட்டோம், கேட்டோம். சாப்பிடும்போது அதை ஞாபகப்படுத்தாதே!" என்றது தலைவி.

பிறகு இரண்டும் பன்றியைப் பார்த்தன. பூனையும் பார்த்தது. பார்க்காமல் இருந்திருக்கலாம். ஆனால் பார்த்தது.

பன்றி கிழங்கை மென்றுகொண்டே ஏதோ பாட்டை முனகிக்கொண்டிருந்தது. "என்ன, எல்லாரும் என்னையே பார்க்கறீங்க?"

"முதல்லே பாட்டை நிறுத்து," என்றது குரங்கு. "இங்கே உன் பாட்டுகூடக் கீழே விழ மாட்டேங்குது. காதைச் சுத்தியே மிதக்குது. டேய், இது உன் வேலைதானே?"

"என் வேலையா? நான் மிஷின்லேதான் போறேன். பையைக் கட்டிப் பெட்டியிலே வைக்கறேன். உன் பையையும் நான்தானே வைக்கறேன்!"

"பன்றி வேற எப்படிச் சொல்லும்?" என்றது குரங்கு.

இயந்திரம் கலத்தின் மூலையில் இருந்தது. வளையல் அகலத்துக்கு ஒரு துளை. வாரால் உடம்பைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். பொத்தானை அமுக்கினால் காற்று உள்ளே இழுக்கும். பூமி இழுக்காத இடத்தில் காற்றுதான் இழுக்க வேண்டும். வந்ததெல்லாம் பையில் போய்ச் சேரும். சிறுநீர் தனிக்குழாயில் போய், தண்ணீர் இயந்திரத்தில் சுத்தமாகி, மறுநாள் குடிநீராக வரும். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனால் பொத்தானை அமுக்கியதும் அது ஊளையிடும். யார் போனார்கள், எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்று கலத்துக்கே தெரியும்.

காட்டில் பூனை போனது புல்லுக்குக்கூடத் தெரியாது. மண்ணைத் தோண்டும், போகும், மூடும், முகர்ந்து பார்க்கும், இன்னொரு பிடி மண்ணைத் தள்ளிவிட்டு நடக்கும். வாசனை தெரிந்தால் குட்டிகள் இருக்கும் இடம் நரிக்குத் தெரிந்துவிடும். பூனைக்கு அது வெறும் பழக்கமில்லை, உயிர்.

இங்கே மண் இல்லை. முதல் நாள் பூனை ஊளையைக் கேட்டது. மூலைப் பக்கமே போகவில்லை. இரண்டாம் நாள் தன் உறங்குபையின் நீல உள்துணியை நகத்தால் கிழித்தது. துணியில் சுற்றி, தானிய மூட்டைகளுக்குப் பின்னால் செருகியது. மண்ணில்லாவிட்டால் மூட்டை. ஆனால் எடையில்லாத இடத்தில், வைத்தது வைத்த இடத்தில் இருப்பதில்லை. பொட்டலத்திலிருந்து ஒன்று நழுவினால் போதும். நழுவியது எதுவானாலும் விசிறி இழுக்கிற பக்கம் போய்க் கடைசியில் காற்றுவாயில் ஒட்டும்.

"இனிமே இந்தப் பன்றியோட குழாயை நம்ம தண்ணி மிஷின்லே மாட்டக் கூடாது!" என்றது குரங்கு. "இவன் மூத்திரத்தைக் குடிக்கவா நான் நிலாவுக்கு வந்தேன்?"

"பதினோரு நாளா குடிச்சியே," என்றது பன்றி. "இனிச்சுதா, கசந்துதா?"

குரங்கு த்தூ என்று துப்பியது. எச்சில் நான்கு முத்துகளாகப் பிரிந்து, கூரையில் மோதித் திரும்பி, அதன் நெற்றியிலேயே வந்து ஒட்டியது. பூனைக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

தலைவி முடிவைச் சொன்னது. பன்றி இனிப் பின்னறையில் இருக்கட்டும். கதவு பூட்டியிருக்கும். குழாய் தனி, குவளை தனி. "போவதற்கு முன் காற்றுவாயைத் துடைத்துவிட்டுப் போ. உனக்குப் பழக்கம்தானே!"

"எனக்கா தலைவி? எங்க கூட்டத்திலே பிறந்த குட்டிகூடப் படுக்கிற இடத்திலே போகாது."

யாரும் கேட்கவில்லை. பன்றி வலையைத் துடைத்தது. அந்த உருண்டையைப் பையில் போட்டுக் கட்டியது. கட்டும்போது ஒருமுறை முகர்ந்தது. பிறகு பூனையைப் பார்த்தது. பின்னறைக்குப் போனது.

அன்று முதல் பூனைக்கு இருப்புக் கொள்ளவில்லை. சன்னலுக்குப் போகும், மூட்டைக்கு வரும், மறுபடி சன்னல். உடம்பை நக்கி நக்கி முடி உதிர்ந்தது. உதிர்ந்த முடியும் காற்றுவாயைத் தேடிப் போனது. பூனை அதைத் துரத்தித் துரத்திப் பிடித்தது.

"என்ன பூனையக்கா, உனக்கு நீயே எலியா?" என்று குரங்கு கேலி செய்தது.

பன்றியை அடைத்த மூன்றாம் நாள் தண்ணீர்த் தொட்டியில் மஞ்சள் விளக்கு எரிந்தது. நான்காம் நாள் சிவப்பு. நால்வரில் பெரிய உடம்பு பன்றியுடையது. தொட்டிக்குத் திரும்பி வந்ததில் பெரும்பங்கு அதனுடையதுதான். அந்தக் குழாயைப் பிடுங்கிய பிறகு வரவு ஏது?

"அவன் குடிக்கறதாலே குறையுது!" என்றது குரங்கு.

அன்றைக்கே இன்னொரு உருண்டை வந்தது. தலைவியின் வாலிறகுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தது.

"பூட்டின அறையிலேர்ந்து எப்படி வந்துச்சு?" என்று பூனை கேட்டுவிட்டது. கேட்டதும் மூட்டைகளுக்கு முன்னால் போய் நின்றது.

"கதவு இடுக்கு வழியா ஊதி விடறான்!" என்றது குரங்கு. "பன்றிக்கா தெரியாது?"

தலைவி உருண்டையிலிருந்து வாலிறகை விலக்கிக்கொண்டது. பிறகு, "மீட்புக்கூடு ஒன்று இருக்கிறது. அதில் ஏற்றிப் பூமிக்கே அனுப்பிவிடலாம்," என்றது.

"போய்ச் சேருமா?" என்று பூனை கேட்டது.

"சேரலாம்."

அந்தக் கூட்டில் இதுவரை யாரும் போனதில்லை. எல்லோருக்கும் அது தெரியும்.

குரங்கும் தலைவியும் கூட்டைத் தயார்செய்யப் போனதும் பூனை பின்னறைக் கதவருகே மிதந்து வந்தது. உள்ளே பாட்டுச் சத்தம் இல்லை.

"யாரது? பூனையக்காவா? ஒரு வாய் தண்ணி கிடைக்குமா?"

பூனை தன் பங்குத் தண்ணீர்ப்பையை இடுக்கு வழியாகத் தள்ளியது. உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"அக்கா, ஒண்ணு செய்யறியா? என்னை அனுப்பிடுவாங்க போலிருக்கு. பரவாயில்லை. எருப்பெட்டியை மட்டும் பத்திரமா நிலாவிலே இறக்கிடு. குரங்கு தூக்கி எறிஞ்சிடுவான்."

"எருப்பெட்டியா?"

"எல்லாரோட பையையும் அதிலேதானே சேர்த்து வெச்சிருக்கேன்! அங்கே மண்ணே கிடையாது, வெறும் தூசி. தூசியிலே காடு எப்படி வரும்? தலைவி தின்ன அத்திப்பழ விதைகூட அதிலே இருக்கு. முதல் மரம் அதிலேர்ந்துதான் வரணும்."

பூனை வாயைத் திறந்தது. சொல்ல வேண்டியது நாக்கு நுனிவரை வந்தது.

"உனக்கு..." என்றது. பிறகு, "உனக்குப் பசிக்குதா?" என்று கேட்டது.

"இல்லை அக்கா," என்றது பன்றி.

கொஞ்ச நேரத்தில் குரங்கு வந்து கதவைத் திறந்தது. அதுவும் தலைவியுமாகப் பன்றியை மீட்புக்கூட்டுக்குள் தள்ளின. பெரிய உடம்புதான். எடையில்லாததால் குரங்கின் ஒற்றை விரல் தள்ளலுக்கே அது உள்ளே போய்விட்டது. பன்றி திமிறவில்லை. வாரைத் தானே கட்டிக்கொண்டது. கதவு பாதி மூடியது. குரங்கின் விரல் பொத்தானின் மேல் இருந்தது.

"அது என்னுது!" என்றது பூனை.

குரங்கு திரும்பியது. "எது?"

"உருண்டை. ரெண்டும் என்னுது."

பிறகு குரங்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சிரித்த வேகத்தில் தலைகீழாகப் புரண்டது. "பூனையா! நாளெல்லாம் உடம்பை நக்கிக்கிட்டே இருக்கிற பூனையா! தலைவி, இதுக்குப் பன்றி மேலே இரக்கம்!"

"உன் நல்ல மனசு புரிகிறது," என்றது தலைவி. "ஆனால் பொய் சொல்லாதே. பூனை சுத்தமான பிராணி."

பூனை தன் வாழ்நாளில் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறது. எல்லோரும் நம்பியிருக்கிறார்கள். உண்மையை நம்பவைக்க இவ்வளவு பாடுபட வேண்டும் என்று அதற்குத் தெரியாது.

"பொத்தான்லேர்ந்து விரலை எடு," என்றது குரங்கிடம். "எடுடா!"

அந்தக் குரலுக்குக் குரங்கு விரலை எடுத்தது.

பூனை பாய்ந்து போய்த் தன் உறங்குபையை இழுத்து வந்து உட்பக்கத்தை வெளியே திருப்பிக் காட்டியது. நீல உள்துணி கந்தலாகத் தொங்கியது. நகக்கீறல் ஒவ்வொன்றும் தெரிந்தது. பிறகு தானிய மூட்டைகளைத் தள்ளியது. பின்னாலிருந்து ஒவ்வொன்றாக வெளியே வந்தன, நீலப் பொட்டலங்கள். ஆறு. நால்வருக்கும் நடுவில் அவை மெல்ல மிதந்தன. மறைக்க மண் இல்லை. பூனை கண்ணை மூடிக்கொள்ளவில்லை.

குரங்கு தலையைச் சொறிந்தது.

தலைவி பொட்டலங்களைப் பார்த்தது, கூட்டின் பாதிக் கதவைப் பார்த்தது. "என் பொந்தில், போட்டது போய் விழக் கீழே என்று ஓர் இடம் இருந்தது," என்றது, யாரிடமும் இல்லாமல். பிறகு குரங்கைப் பார்த்து, "குழாயை மாட்டு," என்றது.

"எந்தக் குழாயை?"

"எல்லாக் குழாயையும்!"

பன்றி வாரை அவிழ்த்துக்கொண்டு வெளியே வந்தது. பூனை அதன் முன்னால் மிதந்து நின்றது.

"முகர்ந்தப்பவே தெரிஞ்சுது," என்றது பன்றி. "நீயே சொல்லுவேன்னு பார்த்தேன். ஏன் சொல்லலை?"

"அந்த மிஷின் சத்தம் போடுது தம்பி. எல்லாருக்கும் கேட்கும்."

"என்னைக் கூட்டிலே தள்ளினப்போ சத்தமே வரலை."

பூனை மிதந்த பொட்டலம் ஒன்றைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது.

பன்றி இன்னொரு பொட்டலத்தை மூக்கால் தட்டிச் சேர்த்துப் பிடித்தது. "ஆறும் இருக்கா? எடுத்துக்கிட்டு வா. எருப்பெட்டியிலே இடம் இருக்கு."

அழுக்கில்லாத உடம்பு எந்த உலகத்திலும் இல்லை. தன்னுடையதை மறைக்கிறவர், அதை இன்னொருவர் தலையில்தான் கொண்டுபோய் வைக்கிறார்.

இரண்டு நாளில் தொட்டியின் சிவப்பு விளக்கு மஞ்சளானது. நான்கும் சாப்பிட உட்கார்ந்தன. தலைவி அத்திப்பழத்தைக் கொத்தியது. குரங்கு வேர்க்கடலை உரித்தது. பூனைக்கு வயிறு பொறுக்கவில்லை. அது எழுந்து மூலைக்குப் போனது. வாரைக் கட்டிக்கொண்டது. பொத்தானின் மேல் காலை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தது. பிறகு அமுக்கியது.

இயந்திரம் ஊளையிட்டது.

பன்றி கிழங்கைக் கீழே வைக்கப் பார்த்தது. கீழே என்று ஒன்று இல்லாததால் காற்றிலேயே விட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு, ஊளையைவிட உரக்கப் பாடத் தொடங்கியது. இயந்திரம் ஓயும்வரை பாடியது. ஓய்ந்ததும், மிதந்துபோன கிழங்கை எட்டிப் பிடித்து, விட்ட இடத்திலிருந்து தின்றது.