சேவல் யாருது?

"சேவல் என்னுது, அப்போ குஞ்சும் என்னுதுதான்!" என்றார் பண்ணையார். எந்த ஊர் நியாயமோ! மூக்காயி வீட்டுக் குஞ்சுகளை அவருடைய ஆள் கூடையில் அள்ளினான். தாய்க்கோழி கத்திக்கொண்டே கூடையைச் சுற்றி ஓடியது. அதன் சூடு இல்லாவிட்டால் குஞ்சுகள் விடிவதற்குள் விறைத்துவிடும். ஊரே கூடி வேடிக்கை பார்த்தது.

மூக்காயி பண்ணையார் தொழுவத்தில் சாணி அள்ளுகிறவள். பேசினால் வேலை போய்விடும். ஆனாலும் கேட்டாள்: "எல்லாத்துக்கும் இதே நியாயந்தானுங்களா அய்யா?"

"ஊருக்கே இதுதான்!"

மூக்காயி கூட்டத்தில் நின்ற கோயில் பூசாரியிடம் திரும்பினாள். "அப்போ கயித்தோட வாங்க பூசாரியய்யா. அய்யா தொழுவத்துல நிக்கிற கன்னு அத்தனையும் நம்ம கோயில் காளைக்குப் பொறந்ததுதான்."

பூசாரி துண்டை உதறி இடுப்பில் கட்டினார்.

பண்ணையார் தன் ஆளிடம் பாய்ந்தார். "கூடைய எறக்குடா! கோழி கத்துறது காதுல விழலையா?"