வலது பக்கத்து ஒயர்

பவளக்கொடி பதினொரு கேள்விகளுக்கும் பதில் சொன்னார். ஒன்றுக்குக்கூடப் பதில் சொல்லவில்லை என்று முடிவு செய்து அவரை வேலையிலிருந்து அனுப்பினார்கள். அநியாயம் இவ்வளவுதான். சின்னதாகத் தெரியலாம். அவருக்கு அது சின்னதல்ல.

மேட்டுத் தெரு வாசகசாலையைத் திறப்பது, பெருக்குவது, பூட்டுவது அவர் வேலை. ஒரு மழை நாளில் ஜன்னல் திறந்துகொண்டு நாற்பது புத்தகங்கள் நனைந்துபோயின. செயலாளர் அவரைக் கூப்பிட்டு விசாரித்தார். செயலாளர் சட்டையில் ஒரு மைக், பவளக்கொடியின் சேலையில் ஒரு மைக். இரண்டும் சேர்ந்து செல்போனில் பதிவாகின.

ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூட்டத்தில் அந்தப் பதிவைப் போட்டார்கள். வாசகசாலையில் பழைய வால்வு ரேடியோ ஒன்று உண்டு. அதன் வழியாகத்தான் ஊர் கேட்கவேண்டும் என்று ஆசையாகச் சொல்லிவிட்டு, செயலாளர் அன்று வெளியூர் போயிருந்தார். செல்போனை ரேடியோவோடு இணைத்துக் கொடுத்தவர் துரைக்கண்ணு.

செயலாளரின் குரல் கணீரென்று வந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் பின்னால் ஒரு நீண்ட இடைவெளி. லேசான இரைச்சல். வேறொன்றும் இல்லை.

"வாயத் தொறக்குறாளா பாரு," என்றார் ஒருவர்.

"என்னத்தச் சொல்லித் தொறப்பா?" என்றார் இன்னொருவர். கூடியிருந்த அறுபது பேரும் சிரித்தார்கள்.

பவளக்கொடி வாசலில் நின்றிருந்தார். "நான் சொன்னேனே, எல்லாத்துக்கும் சொன்னேனே," என்று கத்தினார்.

"அதான் எங்க காதால கேட்டோமே."

அன்றே சாவியை வாங்கிக்கொண்டார்கள்.

துரைக்கண்ணு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். வயது அறுபத்திரண்டு. பேருந்து நிலையத்து மாடியில் ரேடியோ கடை வைத்திருக்கும் சபுராவிடம் ஆறு மாதமாக வேலை கற்றுக்கொண்டிருந்தார். சபுராவுக்கு முப்பத்தொன்று. துரைக்கண்ணு அவரை 'டீச்சர்' என்று கூப்பிடுவார். முதலில் கேலிக்குத்தான், பிறகு அதுவே நிலைத்துவிட்டது.

கூட்டம் முடிந்த இரண்டாம் நாள் துரைக்கண்ணு தன் வீட்டில் இயர்போன் மாட்டி, தன் போனில் இருந்த அதே பதிவைக் கேட்டார். இடது காதில் கேள்வி. வலது காதில் பதில். பதினொன்றுக்கும் பதில்.

ஊர் திரும்பியிருந்த செயலாளரிடம் ஓடினார்.

"அட, மெஷின் கோளாறா? சரி, வரச் சொல்லுங்க," என்றார் செயலாளர். "வெள்ளிக்கிழமைக்குள்ள வரலன்னா வேற ஆள் போட்டுருவேன்."

துரைக்கண்ணு ஒரு கடிதம் எழுதி எடுத்துப்போனார். பவளக்கொடி முழுதும் படித்தார். மடித்து அவர் கையிலேயே கொடுத்தார்.

"ஒயர் மேல எனக்கு என்ன சார் கோபம்?" என்றார். கதவைச் சாத்திக்கொண்டார்.

வியாழக்கிழமை காலை, கடையில் துரைக்கண்ணுவால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார், வைத்தார். ஜன்னலுக்குப் போனார், வந்தார்.

"டீச்சர், நாளைக்கு வெள்ளிக்கிழமை."

சபுரா சூட்டுக்கோலால் ஒரு ஒயருக்கு ஈயம் வைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"நேத்துலேருந்து கேக்குறேன். அந்தம்மா ஏன் லெட்டரை வாங்கல? நீங்களே கேளுங்க." கடிதத்தைப் பிரித்துப் படித்தார்: "'இணைப்பு ஒயரில் ஏற்பட்ட கோளாறு காரணமாகத் தங்கள் பதில்கள் கேட்கவில்லை. இதில் யாருக்கும் உள்நோக்கம் இல்லை.' இதுல ஒரு வார்த்தை பொய்யா?"

"இல்ல சார்."

"பின்ன?"

புகை மேலே போனது. சபுரா அடுத்த முனைக்கு ஈயம் வைத்தார்.

"செல்போன் ஒயர்ல மூணு நுனி. ரேடியோ முதுகுல ரெண்டு ஓட்டை, அந்தக் காலத்துல கிராமபோன் மாட்டுறதுக்கு வச்சது. பொது நுனியை ஒண்ணுல சொருகினேன். இடது நுனியை இன்னொண்ணுல. வலதுக்கு டேப் சுத்திட்டேன். ஒரே ஸ்பீக்கர்தானே, ஒரு பக்கம் போதும்னு நெனச்சேன். பாட்டுப் போட்டு டெஸ்ட்கூடப் பண்ணேன். ஜோராப் பாடுச்சு."

"பாட்டு ரெண்டு பக்கமும் வரும்."

"இப்பத் தெரியுது! ரெண்டுக்கும் ஒவ்வொரு ரெசிஸ்டர் போட்டு ஒண்ணாச் சேத்திருக்கணும். சேக்கல. தப்புத்தான். ஆனா டீச்சர், வலதை மாட்டி இடதுக்கு டேப் சுத்தியிருந்தா செயலாளர் பேச்சுல்ல போயிருக்கும்? யாருக்கு வேணும்னாலும் நடந்திருக்கலாம். ஒயருக்கு ஆள் தெரியுமா?"

சபுரா சூட்டுக்கோலைத் தாங்கியில் வைத்தார். அப்போதுதான் அவரைப் பார்த்தார்.

"போனைக் குடுங்க சார். அந்தப் பதிவு இருக்கில்ல?"

"இருக்கு."

மேஜைமேல் ரிப்பேருக்கு வந்த வால்வு ரேடியோ ஒன்று இருந்தது. சபுரா அதன் முதுகைத் தன் பக்கம் திருப்பினார். போனை எப்படி மாட்டினார் என்று துரைக்கண்ணுவுக்குத் தெரியவில்லை.

"உக்காருங்க."

"பரவால்ல, நின்னுக்கிட்டே..."

"உக்காருங்க சார்."

உட்கார்ந்தார். வால்வுகள் சூடேறும்வரை காத்திருந்தார்கள். பிறகு சபுரா பதிவைப் போட்டார்.

இரைச்சல். கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும்.

"ஆமா சார், நாந்தான் பூட்டினேன்." பவளக்கொடியின் குரல்.

மறுபடி இரைச்சல்.

"கொக்கி ஒடஞ்சு கெடக்குன்னு உங்ககிட்டயே மூணு தடவ சொன்னேனே சார். நீங்கதான் பாத்துக்கலாம்னு..."

துரைக்கண்ணு எழுந்துவிட்டார். கை ரேடியோவின் பின்பக்கம் போய்விட்டது.

"டீச்சர், நிறுத்துங்க, ஒயரைப் பாருங்க! செயலாளர் பேசுறது வரவே இல்ல. ஒரு பக்கம் விட்டுப்போச்சு."

சபுரா சத்தத்தைக் குறைத்தார்.

"எத்தனை கேள்வி போயிருக்கும் சார்?"

"ரெண்டுதான். இப்பத்தான் ரெண்டாவது."

"கூட்டத்துல நீங்க எங்க உக்காந்திருந்தீங்க?"

"ரேடியோ பக்கத்துலதான். கை எட்டுற தூரம்."

"எத்தனாவது கேள்வியில எந்திரிச்சீங்க, சார்?"