எட்டாத சேறு

காட்டில் ஓரிரவு தங்கிப் பழகப் பன்னிரண்டு பேரை அழைத்து வந்த பயிற்சியாளர் சுந்தரவதனன், ஓடையோர மரத்தடியில் கூடாரம் அடிக்கச் சொன்னார். அந்த மரத்தில் ஈரச்சேறு அப்பியிருந்ததைக் கண்டதும் சமையல்காரி நஞ்சி அவரிடம் ஓடி வந்தாள்.

“ஆனை உடம்பு தேய்க்கிற மரம் சார். மேட்டுக்குப் போயிடலாம்.”

“காட்டுப்பன்னி தேய்ச்சது. எனக்கே பாடமா? பயமா இருந்தா நீ மட்டும் ஊருக்குப் போ.”

இருட்டிக்கொண்டு வந்தது. பன்னிரண்டு பேரும் அவரைத்தான் நம்பினார்கள்.

“பன்னின்னா சரிங்க சார். அந்தச் சேறு எதுவரைக்கும் இருக்குன்னு தொட்டுக் காட்டுங்க, இவங்களும் படிச்சுக்கட்டும்.”

அவர் கையை உயர்த்தினார். எட்டவில்லை. எம்பினார், இன்னும் ஒரு சாண் மிச்சமிருந்தது.

“பன்னி உங்களைவிட உசரம் போலிருக்கே சார்,” என்றாள் நஞ்சி.

ஓடைக்கு அப்பால் மூங்கில் முறிந்தது.

“இதைத்தான் முதல் பாடமாச் சொல்ல இருந்தேன்,” என்றபடி சுந்தரவதனன் முதல் ஆளாக மேட்டில் ஏறினார்.