பதினான்கு வயலின்களுக்கு ஏற்ற கம்ப்யூட்டர்

வைத்தியலிங்கம் தன் கம்ப்யூட்டர் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு மூன்று மாடி ஏறினார். ஐம்பத்து நான்கு படிகள். லிஃப்ட் இருந்தது. இருந்த கோபத்தில் அது அவர் கண்ணில் படவில்லை.

மேலே பெர்னதெத்தின் அறை. வாத்தியங்களை ஒவ்வொரு சுரமாக வாசித்துப் பதிந்து, சாம்பிள் என்று விற்கிறார்கள். அவற்றைக் கம்ப்யூட்டரில் அடுக்கி, ஆளே இல்லாமல் ஒரு முழு ஆர்கெஸ்ட்ராவை ஒலிக்க வைப்பதில் பெர்னதெத் தேர்ந்தவர். குருவுக்கு வயது நாற்பத்தொன்று. மாணவருக்கு ஐம்பத்தாறு. இருபத்து மூன்று வருடம் ஸ்டுடியோக்களில் வயலின் வாசித்தவர் வைத்தியலிங்கம். வாசிக்கக் கூப்பிடுவது நின்றுபோனபின், இரண்டு வருடமாக வியாழன்தோறும் இங்கே வந்து கற்றுக்கொள்கிறார்.

"உட்காருங்க சார்."

"உட்கார நேரமில்ல மேடம். சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குக் குடுத்தாகணும். இல்லன்னா வேற ஆளைப் பாத்துக்கறோம்னுட்டாங்க."

உப்பளத் தொழிலாளர்களைப் பற்றிய ஓர் ஆவணப்படம். இசை என்ற சொல்லுக்குக் கீழே அவர் பெயர் வரப்போவது அதுதான் முதல் தடவை.

பெட்டியை இணைத்தார். இசை ஓடியது. தாளக் கணக்கில் நாற்பத்தோராவது பாரில் கரகரத்தது. விக்கியது. நின்றது.

"பாத்தீங்களா? இதைத் தாண்ட மாட்டேங்குது! இந்தப் பெட்டிக்காகத்தானே ஸ்டுடியோவுல வயலின் வாசிச்ச எங்க பதினாலு பேரையும் வீட்டுக்கு அனுப்பினாங்க? எங்கள்ல ஒருத்தன் இப்படி நடுவுல நின்னிருந்தா, அன்னிக்கே துரத்தியிருப்பாங்க."

"பெட்டியைத் திட்டிப் பாத்தீங்களா?"

"காலையில இருந்து திட்டறேன்."

"பலன் இருந்துச்சா?"

"சிரிக்காதீங்க மேடம்." சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். "கடைக்காரர் பதினாறு கோர் பிராசசர்ங்கறார். என் மச்சினன் நூத்தி இருபத்தெட்டு ஜிபி ராம்ங்கறான். நெட்ல ஒருத்தன் ரெண்டு கம்ப்யூட்டரைச் சேர்த்துக் கட்டச் சொல்றான். மூணு பேரைக் கேட்டேன். ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. எதை வாங்கினா இது ஓடும்? நீங்க சொல்லுங்க."

பெர்னதெத் தாளை வாங்கவில்லை. திரையைப் பார்த்தார்.

"வயலின்னா எல்லாரும் ஒரு டிராக் போடுவாங்க. கூட்டமா வாசிச்சுப் பதிஞ்ச சாம்பிள் இருக்கே. இங்க பதினாலு இருக்கு."

"கூட்டமா? நாங்க என்ன கூட்டமா?" வைத்தியலிங்கத்தின் குரல் உயர்ந்தது. "எட்வின் அரை நூல் முந்துவான். ராமபத்ரன் பிந்துவார். சகாயம் வில்லை அழுத்தற அழுத்துல பக்கத்து நாற்காலி ஆடும். அதெல்லாம் சேர்ந்ததுதான் எங்க சத்தம். அதான் ஒத்தை வயலின் சாம்பிளைப் பதினாலு தடவை போட்டு, ஆளுக்கு ஏத்த மாதிரி ஒவ்வொண்ணையும் திருத்தியிருக்கேன். பேரு போட்டிருக்கேன், பாருங்க."

ஒவ்வொரு டிராக்கிலும் ஒரு பெயர் இருந்தது. உட்கார்ந்த வரிசைப்படி.

பெர்னதெத் இப்போது சிரிக்கவில்லை.

"சாம்பிள் எல்லாம் எதுல வெச்சிருக்கீங்க?"

"பழைய ஹார்ட் டிஸ்க்ல. சுத்தற டிஸ்க்."

"அதைச் சுத்தாத, வேகமான எஸ்எஸ்டி டிஸ்க்குக்கு மாத்துங்க. வாங்க வேண்டியது அது ஒண்ணுதான்."

"அவ்வளவுதானா? பதினாலு பேரும் ஒரே நேரத்துல வாசிக்கணுமே!"

"எதுக்கு? ஒவ்வொருத்தரா வாசிக்க விட்டுப் பதிஞ்சுக்கலாம். பதிஞ்சதைத் திருப்பி ஓட்டறது பெட்டிக்கு ஒரு பாரமே இல்ல."

செய்து காட்டினார். எட்வினைத் தவிர மற்ற எல்லோரையும் அமைதியாக்கிவிட்டு எட்வினை மட்டும் ஓடவிட்டார். நாற்பத்தோராவது பார் எந்தச் சிக்கலும் இல்லாமல் கடந்துபோனது. இரண்டரை நிமிடத்தில் எட்வின் பதிவாகிவிட்டான். அடுத்து ராமபத்ரன். அடுத்து சகாயம். பெட்டிக்குள் இரைந்துகொண்டிருந்த விசிறி அடங்கியது. வைத்தியலிங்கம் அப்போதுதான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

ஆறு பேர் பதிவாகிவிட்டார்கள். ஏழாவது டிராக்கில் பெர்னதெத் மவுஸிலிருந்து கையை எடுத்தார்.

"ஏன் நிறுத்திட்டீங்க?"

"இது யாரு?"

"நான்தான். ரெண்டாவது வரிசை, சுவர் ஓரம்."

"இதையும் பெட்டிதான் வாசிக்கணுமா?"

"பின்ன?" அவர் மறுபடி எழுந்துவிட்டார். "மூணு வருஷம் மேடம்! ஒரு போன் கிடையாது. இருபத்து மூணு வருஷம் வாசிச்சவன் இருக்கானா செத்தானான்னு கேக்க நாதியில்ல. எட்வினைக் கூப்பிட்டாங்களா? சகாயம் இப்ப மாவு மில் நடத்தறான், தெரியுமா? அந்தக் கையால மாவு அள்ளிப் போடறான். வாசிக்க மாட்டோம்னா சொன்னோம்? கூப்பிடல மேடம். இசையமைப்பாளர்னு பேர் போட்டுக்கறவன் ஒருத்தனும் கூப்பிடல!"

பெர்னதெத் அவர் முடிக்கும்வரை காத்திருந்தார்.

"இந்தப் படத்துக்கு இசையமைப்பாளர் யாரு சார்?"

"நான்."

"எத்தனை பேரைக் கூப்பிட்டீங்க?"