தங்க முனைக் கேபிள்

பிற்பகல் நான்கு மணி பத்து நிமிடம், திருப்பூரில் தூறல். பனியன் ஏற்றுமதியாளர் மருதாசலத்தின் வீட்டுத் திரையரங்கில் ஒலிக்கருவிகளைப் பொருத்த வந்த கயல்விழி, அவர் வெளிநாட்டில் வாங்கிய, ஒலியை வெளிச்சமாகக் கடத்தும் தங்க முனை ஆப்டிகல் கேபிளைப் பார்த்தாள்.

"கடையில குடுத்த சாதாரண கோஆக்ஸியல் செம்புக் கேபிளே போதுங்க. ரெண்டுலயும் ஒரே சத்தம்தான் வரும்."

"என் காதுக்கு வித்தியாசம் தெரியும், அம்மணி. மாத்தி மாத்திப் போடு. எது தங்கம்னு நான் சரியாச் சொல்லிட்டா, உன் முதலாளிகிட்டச் சொல்லி வேலையை விட்டே எடுத்துருவேன்."

"தப்பாச் சொல்லிட்டீங்கன்னா?"

"நானே போன் பண்ணி உன்னைப் பாராட்டறேன்!" என்று மனைவி பூங்கோதையைப் பார்த்துச் சிரித்தார்.

கயல்விழி கருவிகள் அடுக்கிய அலமாரியின் பின்னே சென்றாள். பாட்டு ஒலித்து நின்றது, மீண்டும் ஒலித்தது.

மருதாசலம் தொடையைத் தட்டினார். "இதுதான் தங்கம்! மிருதங்கம் தனியா நிக்குது பாரு!"

பாட்டு ஓடும்போதே கயல்விழி வெளியே வந்தாள். தங்கக் கேபிளின் ஒரு முனை பிளேயரில் இருந்தது. ஆம்ப்ளிஃபயரில் சேரவேண்டிய மறுமுனை அவள் விரல்களில். அதன் சிவப்பு ஒளி உள்ளங்கையில் பொட்டாக விழுந்தது.

"உங்க தங்கம் இன்னும் என் கையிலதாங்க இருக்கு. வெளிச்சம் போற பாதைக்கு நகை எதுக்குங்க?"

மறுநாள் காலை பூங்கோதை அந்தக் கேபிளால் மல்லிகைக் கொடியை இழுத்துக் கட்டினார். மருதாசலம் சொன்ன சொல் மாறாமல் முதலாளிக்குப் போன் செய்து பாராட்டினார். கயல்விழி வேறொரு வீட்டில் நிமிர்ந்து நின்று, "சாதாரண கேபிளே போதுங்க" என்றாள்.